அமைதியான கடற்கரை ஊர், அடியில் இருட்டு: பூதம் மட்டும் போதுமா?

கேள்வி | பிப்ரவரி 2, இரவு 9.15

கற்பனை நாவல் ஒண்ணு எழுதிட்டிருக்கேன். தனியா ஒதுங்கிக் கிடக்கிற துறைமுக ஊர், 2,000 பேர். பாய்மரக் கப்பலும் பீரங்கியும் இருக்கிற காலம். ஒரு கோட்டை, ஒரு கோயில், நல்ல மீன், சண்டை சச்சரவே இல்லாத ஜனங்க. அடியில் பார்த்தா கடல்பூதத்துக்கு வருஷம் ஒரு நரபலி. படிச்ச மூணு பேருமே "பயம் வரல, ஊரையும் நம்ப முடியல"ன்னுட்டாங்க. எழுதின அத்தியாயங்களும் ஊர் வரைபடமும் இணைச்சிருக்கேன். பூதத்தை இன்னும் பெரிசாக்கணுமா?

பிப்ரவரி 2, இரவு 10.05

பூதத்தோட அளவில் கோளாறு இல்லை. வருஷத்துக்கு ஒரு பலின்னா மிச்சம் 364 நாளும் ஊர்க்காரனுக்கு அதோட ஒரு வேலையும் கிடையாது. அது திருவிழா. இருட்டு தினப்படி வேலையா இருக்கணும். யாரோ அரிசி அளக்கணும், யாரோ தண்ணி இறைக்கணும், யாரோ கணக்கு எழுதணும். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க: உங்க ஊர் எதை வித்துச் சாப்பிடுது? மீன்னு மட்டும் சொல்லாதீங்க. மீன் வித்த காசுல எவனும் கோட்டை கட்ட மாட்டான்.

பிப்ரவரி 3, காலை 7.30

மீன் பத்தி நேத்து சொன்னதுக்கு ஒருத்தர் குட்டியிருக்கார். ஆம்ஸ்டர்டாமே ஹெர்ரிங் மீன் எலும்பு மேல கட்டின ஊருன்னு டச்சுக்காரங்க பழமொழி இருக்காம். ஆமா, இருக்கு. வாபஸ். ஆனா அது உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைச்சுக் கண்டம் முழுக்க வித்த மீன். உங்க ஊர்ல இருக்கிறது குழம்பு மீன்.

பிப்ரவரி 3, இரவு 11.20

சரி, மாதிரி ஊர் ஒண்ணு தரேன். பழவேற்காடு. இன்னிக்குப் போனா பூநாரை, படகு சவாரி, இறால், தூங்கி வழியிற தெரு. கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவுல மணல் திட்டு. நீங்க கேட்ட "ஒதுங்கின ஊர்" அப்படியே இருக்கு. மலையே தேவையில்லை. ரெண்டு பக்கமும் தண்ணி இருந்தா ஊருக்குள்ள வர வழி ஒண்ணு ரெண்டுதான். அங்க ரெண்டு ஆள் நின்னாப் போதும்.

1610இல் டச்சுக்காரங்க விஜயநகர அரசர் வேங்கடபதிராயர்கிட்ட அனுமதி வாங்கி இங்க கிடங்கு போட்டாங்க. 1612இல் சாந்தோம் போர்த்துகீசியர் வந்து அதை இடிச்சுட்டுப் போனாங்க. 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழும்பிடுச்சு. வெளியே தெரிஞ்ச வியாபாரம் துணி. கீழை நாடுகள்ல கிராம்பும் சாதிக்காயும் வாங்க வெள்ளியைவிட நம்ம கரைத் துணிக்குத்தான் மவுசு. கோட்டையில் வெடிமருந்து ஆலையும் இருந்தது. சரக்கு படேவியா (இன்னிக்கு ஜகார்த்தா) வரைக்கும் போச்சு.

மூணாவது சரக்கு மனுஷங்க. 1614இல் வேங்கடபதிராயர் இறந்ததும் வாரிசுச் சண்டை. நாடு துண்டு துண்டாச்சு. கூடவே பஞ்சம். 1619இல் படேவியாவைப் பிடிச்ச டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலைக்கு ஆள் வேணும். 1621இல் சாதிக்காய் விளைஞ்ச பண்டா தீவுகளை அழிச்ச பிறகு சாதிக்காய்த் தோட்டத்துக்கும் ஆள் வேணும். 1622, 1623இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் பக்கத்துத் துறைகள்ல இருந்து சுமார் 1,900 பேர் கப்பல் ஏறினாங்க. கையில் பணம் இருந்திருந்தா இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம்னு கம்பெனி அதிகாரிங்க எழுதி வச்சிருக்காங்க. 1646இல் இந்தக் கரையிலிருந்து படேவியாவுக்கு 2,118 பேர்.

"பணம் போதலை"ன்னு எழுதினான் பாருங்க, அந்தக் குரல்தான் உங்க நாவல்ல இல்லாதது. உங்க ஊரும் இப்படி ரகசியமா ஆள் வித்துச் சாப்பிடட்டும், அதுதான் இருட்டு. உங்க பூசாரி கண்ணை உருட்டி உருட்டிப் பேசுறான். கணக்குப்பிள்ளை உருட்ட மாட்டான்.

பிப்ரவரி 4, காலை 6.50

சேர்க்க விட்டது: பழவேற்காடு கடைசி வரைக்கும் தலைமையிடமா இருக்கலை. 1690இல் அது நாகப்பட்டினத்துக்கு மாறிடுச்சு. பெரிய எண்ணிக்கையும் எப்பவும் பழவேற்காடு இல்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ப் பக்கம் பஞ்சமும் படையெடுப்பும் சேர்ந்து அடிச்சப்போ கப்பலேறின 8,000 முதல் 10,000 பேர் பெரும்பாலும் தெற்குத் துறைகள் வழியாப் போனவங்க. மாதிரி ஊரா ஒண்ணு போதும்னுதான் பழவேற்காட்டைப் பிடிச்சேன்.

பிப்ரவரி 4, இரவு 10.40

முகத்துவாரம். உங்க வரைபடத்துல கப்பல் நேரா ஏரிக்குள்ள வந்து கட்டுது. வராது.

இந்த மாதிரி ஏரி வாயில் மணல் திட்டு எப்பவும் உண்டு. சோழமண்டலக் கரையில் வருஷத்துல அதிக மாசம் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும். சென்னைத் துறைமுகச் சுவர் வந்த பிறகு தெற்கே மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்னுது, காரணம் அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆத்து வெள்ளம் முகத்துவாரத்தை உடைச்சுத் திறக்கும். வெள்ளம் நின்னதும் மணல் மெல்ல மூடும். சித்திரை, வைகாசியில் முழங்கால் தண்ணி, சில வருஷம் அதுவும் இல்லை. ஏரித் தண்ணி கடலைவிட உப்பாகும், இறால் குறையும்.

ஆகவே கப்பல் கரையிலிருந்து ஒரு மைல், ரெண்டு மைல் தள்ளி நங்கூரம் போடும். நடுவுல உடைகிற அலை. அதைத் தாண்ட மசூலா படகுதான். ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிறால தச்சு, இடுக்குல வைக்கோல் வச்சு இறுக்கியிருப்பாங்க. உள்ளே விலாச் சட்டம் இல்லாததால தரையில் மோதினா வளையும், உடையாது. ஆணி அடிச்ச ஐரோப்பியப் படகு அதே இடத்துல பலகை பிரிஞ்சு போகும்.

இதுல உங்க கதைக்கு ஆதாயம்: கோட்டைக்காரன்கிட்ட பீரங்கி இருக்கு, ஆனா அலையைத் தாண்டத் தெரியாது. ஊர்க்காரன் துடுப்புப் போடலைன்னா ஒரு ஆளைக்கூடக் கப்பலேத்த முடியாது. "எங்களுக்குத் தெரியாது"ன்னு உங்க ஊர்ல யாரும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 5, இரவு 9.30

தண்ணி. இந்த இழையில ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிறதா இருந்தா இதை எடுத்துக்கங்க.

மணல் திட்டு ஊர்ல குடிதண்ணி எங்கேயிருந்து வருது? மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, அடியில் இருக்கிற உப்புத்தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி எவ்வளவு நிக்குதோ, அதுக்குக் கீழே சுமார் 40 மடங்கு ஆழம் நல்ல தண்ணி இருக்கும். அரை மீட்டர் மேலே நின்னா 20 மீட்டர் கீழே. திருப்பிப் பாருங்க: மேல்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினா அடி உப்பு 4 மீட்டர் ஏறும். அதனாலதான் இந்த ஊர்கள்ல ஆழக் கிணறு வெட்ட மாட்டாங்க. நாலைஞ்சு உறை இறக்கி, மேலாக ஊறுறதை மட்டும் எடுப்பாங்க.

இனி கணக்கு. ஊர் 2,000 பேர், ஆளுக்கு 20 லிட்டர், தினம் 40,000 லிட்டர். அது ஊருக்குப் பழகின அளவு. கப்பல்ல 200 பேரை 40 நாள் கொண்டுபோக, ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர்னா 24,000 லிட்டர். ஊரோட ஒரு நாள் செலவுகூட இல்லை. இதை வச்சு யாரும் ரகசியத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

காத்திருப்புதான் தண்ணியைக் குடிக்கும். மாசியில் பஞ்சம் பிழைக்க வந்தவங்களை வாங்கிட்டான், கப்பல் வைகாசியில் வருது. 200 பேர், 90 நாள், ஆளுக்கு 10 லிட்டர்: 1,80,000 லிட்டர், அதுவும் கோட்டைக்குள்ள ஒரே கிணத்துலேயிருந்து, மழையே இல்லாத மாசங்கள்ல.

பிப்ரவரி 6, காலை 7.10

நேத்துக் கணக்குல ரெண்டு தப்பு. ஒண்ணு, மாலுமிகளை விட்டுட்டேன். 60 பேர் சேர்த்தா 31,200 லிட்டர். பீப்பாய் ஒழுகும், சிலது நாறிப்போகும்; 15 சதவீதம் கூட்டினா 36,000. 200 லிட்டர் பீப்பாய் 180. படகுக்கு 10 வீதம் 18 நடை. இதைப் பகல்லேயே ஏத்தலாம், எந்தக் கப்பலும் தண்ணி பிடிக்கும்.

ரெண்டாவது பெரிய தப்பு. 40 மடங்குக் கணக்கு நிலைச்சு நிக்கிற தண்ணிக்கு. இன்னிக்கு இறைச்சா நாளைக்கு ஊரே உப்பாகாது. அதிகமா இறைக்கிற கிணத்துக்கு நேர் அடியில் மட்டும் உப்பு கூம்பு மாதிரி மேல ஏறும். ஆகவே முதல்ல கரிக்கிறது கோட்டைக் கிணறுதான், ஊர்க் கிணறு இல்லை.

இது தப்பா இருந்ததே நல்லதாப் போச்சு. முதல் அறிகுறி ஊர்க் கிணறு கரிக்கிறது இல்லை. கோட்டைக் குடங்கள் ஊர்க் கிணத்துக்கு வர்றது. ரெண்டு வாரம் கழிச்சு ஊர்க் கிணத்துல சுவை மாறும். அதுக்கும் முன்னாடி அடுப்படிக்குத் தெரிஞ்சிடும், பருப்பு வேகாது. தண்ணி கடினமானா எவ்வளவு எரிச்சாலும் பருப்பு கொட்டை கொட்டையா நிக்கும். "இந்த வருஷமும் பருப்பு வேகலையே"ன்னு ஒரு மாமியார் சொல்லி, மருமக பதில் பேசாம விறகைத் தள்ளினா, உங்க ஊர்ல என்ன நடக்குதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்னு வாசகனுக்குப் புரிஞ்சிடும்.

பிப்ரவரி 6, மதியம் 1.15

ஏரித் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கலாமேன்னு கேட்டவருக்கு: காய்ச்சினா உப்பு போகாது, கூடும்.

பிப்ரவரி 8, இரவு 10.50

ஊர் ஏன் வாய் திறக்கலை? பயம்னு எழுதியிருக்கீங்க. 2,000 பேரைப் பயத்துல வைக்க 200 சிப்பாய் வேணும், 200 சிப்பாய்க்குச் சாப்பாடு வேணும். பங்கு கொடுக்கிறது மலிவு.

பழவேற்காடு ஏரியில் "பாடு"ன்னு ஒரு முறை இருக்கு. வலை கட்டுற நல்ல இடங்கள் கொஞ்சம், ஆளுங்க அதிகம். அதனால உரிமை உள்ள குப்பங்களுக்குள்ள சீட்டுப் போட்டு, இந்த நாள் இந்த இடம் இவருக்குன்னு முறை வைப்பாங்க. அடிதடி இல்லாம ஏரியைப் பங்கிட்டுக்கிற ஏற்பாடு. உரிமை இல்லாதவன் வெளியே நிக்கணும்ங்கிறதும் அதுலேயே அடக்கம். தெளிவாச் சொல்லிடறேன், இதுக்கும் டச்சுக்காரன் ஆள் வித்ததுக்கும் சம்பந்தம் கிடையாது. உங்க கற்பனை ஊருக்காக ரெண்டையும் நான்தான் ஒட்டுறேன்.

ஒட்டினா இப்படி. 200 பேர், படகுக்கு 15 பேர், 14 நடை. மூணு படகுன்னா 5 சுற்று. ராத்திரிக்கு 2 சுற்று முடியும், ஆக 3 ராத்திரி. படகுக்கு 10 துடுப்பு, ராத்திரிக்கு 30 ஆள், மூணு ராத்திரிக்கு 90 ஆள். ஊர்ல 150 மீனவர் வீடு வச்சுக்கங்க. வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு ராத்திரி, சீட்டுப் போட்டு. வருஷம் ரெண்டு கப்பல் வந்தா 180 துடுப்பு. ஒரு வீடும் மிச்சமில்லை.

கூலியைக் காசாத் தராதீங்க. ராத்திரி முறையை மறுத்தவனுக்கு ஏரியில் பகல் முறை கிடையாது, அவ்வளவுதான் விதி. அவனை யாரும் அடிக்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. சீட்டுக் குடத்துல அவன் பேர் இருக்காது. "பாடு"ன்னா முறை, பாடுன்னா படுற பாடு. ரெண்டு அர்த்தமும் ஒரே சொல்லுல கிடைக்குது, தமிழ்ல எழுதுறதுக்கு இதைவிடக் கூலி வேணுமா?

பிப்ரவரி 9, காலை 8.00

கரையில் பொய் விளக்கு காட்டிக் கப்பலை உடைக்கிற ஊரா மாத்தலாமான்னு ஒரு யோசனை வந்திருக்கு. வேண்டாம். தெரியாத கரையில் விளக்கைப் பார்த்தா மாலுமி விலகித்தான் போவான். கார்ன்வால் கரையைப் பத்தி இந்தக் கதை ரொம்பப் பிரபலம், ஆனா உறுதியான சான்று தேடினா கைக்கு எதுவும் வராது. உடைஞ்சு ஒதுங்கின கப்பல்ல பொருள் அள்ளினது உண்மை, அது வேற.

பிப்ரவரி 11, இரவு 9.45

வெடிமருந்து ஆலையைக் கோயிலுக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்க. ஊருக்கு வெளியே, வருஷத்துல அதிக நாள் காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் தள்ளுங்க. கடலோரத்துல இன்னொரு தொல்லை ஈரம். வெடியுப்பைக் கரைச்சுக் காய்ச்சிப் படிய வச்சு, அதுல கலந்த சாதா உப்பைப் பிரிக்கணும். அரைகுறையா விட்டா அந்தக் கலப்பு காத்துல ஈரம் இழுத்து மருந்து கட்டி தட்டிடும். உங்க ஏழாம் அத்தியாயத்துல கோட்டைப் பீரங்கி மழைக்காலம் முழுக்க ஒரு தடவைகூடச் சதி பண்ணலை. ஒரு தடவையாவது புஸ்ஸுன்னு போகட்டும்.

பிப்ரவரி 12, காலை 6.40

திசை மாறுது, இருந்தாலும்: பளையக்காட் லுங்கி கட்டினவங்க கை தூக்குங்க. அந்தப் பேர் பழவேற்காடுதான். இலங்கையில் பளேகட் சாரம்ங்கிறதும் இதே. ஊர் தூங்கிப் போச்சு, பேர் மட்டும் இடுப்புல சுத்திட்டிருக்கு. உங்க ஊருக்கும் இப்படி ஒரு பொருள் வெளியூர்ல பேர் போயிருக்கணும். வெளியூர்க்காரன் ஊர் பேரைக் கேட்டதும் "அட, அந்தத் துணியா"ன்னு சிரிக்கணும்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறையை அப்படியே எடுத்து வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வாயில்ல எலும்புக்கூட்டுச் சிற்பம், கல்லுல குடும்பச் சின்னம், எல்லாம் பார்க்கப் பிரமாதம். அதனாலதான் வேண்டாம்ங்கிறேன். எலும்புக்கூட்டைப் பார்த்ததும் வாசகன் "சரி, இங்கதான் இருட்டு"ன்னு உட்கார்ந்துடுவான். உண்மையில் அது சேமமாச் செத்தவங்க இடம். கப்பலேறினவங்களுக்குக் கல் கிடையாது.

பிப்ரவரி 15, இரவு 11.30

பூதத்தோட பலி வெறும் திருவிழான்னு முதல் நாள் ஒரு வாய்க்கொழுப்புல தள்ளிட்டேன். யோசிச்சா அது வேணும்.

ராத்திரிப் படகு எப்ப கிளம்பும்? முகத்துவாரத் திட்டைத் தாண்டப் பெருக்கு, அதாவது கடல் தண்ணி ஏறி நிக்கிற நேரம், வேணும். நம்ம கரையில் நீர் ஏற்ற இறக்கமே சுமார் ஒரு மீட்டர்தான், அதுவும் அமாவாசை, பௌர்ணமி ஒட்டித்தான் அதிகம். பௌர்ணமியில் வெளிச்சம். ஆக அமாவாசை. இன்னொரு விஷயம், ஒரு குறிப்பிட்ட துறையில் அமாவாசை அன்னிக்குப் பெருக்கு வர்ற நேரம் ஏறக்குறைய எப்பவும் ஒண்ணுதான். உங்க ஊர்ல ஒன்பது மணின்னா எல்லா அமாவாசைக்கும் சுமார் ஒன்பது. மறுநாள் 50 நிமிஷம் பிந்தும், அதுக்கு மறுநாள் இன்னொரு 50.

அப்போ ஊர்ல ஒரு வழக்கம் தானா உண்டாகும்: அமாவாசையும் அடுத்த ரெண்டு நாளும் விளக்கு வச்சதும் கதவைச் சாத்தணும், கரைக்குப் போகக் கூடாது, பூதம் ஏறி வரும். குழந்தைகளுக்குச் சொல்ற கதை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைங்க, பூதம் முதல் நாள் ஒன்பதுக்கும் மூணாம் நாள் பத்து நாப்பதுக்கும் ஏன் வருதுன்னு கேக்கும். அந்தக் கேள்வி கேட்ட வயசுதான் அந்த ஊர்ல பெரியவனாகிற வயசு.

பலி தேவையில்லை. கதவு சாத்தினாப் போதும்.

பிப்ரவரி 16, காலை 7.05

மேலே சொன்னது முகத்துவாரம் வழியாப் போனாத்தான். வைகாசியில் அது மூடிக் கிடக்கும்னு நானே 4ஆம் தேதி சொல்லியிருக்கேன். அப்போ கடல் பக்கத்து மணல்லேயிருந்து நேரா அலைக்குள்ள இறக்கணும், பெருக்கு அவ்வளவு முக்கியமில்லை. ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. பூதக் கதை வேணும்னா முதல் கப்பலை மாசியில் வர வைங்க, திட்டுக்கு மேல ஓரளவு தண்ணி இருக்கும். வைகாசிக் கப்பலுக்கு ஜனங்களை மணல்ல நடத்திக் கூட்டிட்டுப் போகணும், காலடித் தடம் விழும். விடியறதுக்குள்ள அதை அழிக்க ஆள் வேணும். கரைமடி வலையை மணல் மேல இழுத்துட்டுப் போனா அழிஞ்சிடும். மீனே பிடிக்காத காலைல மணல் முழுக்க வலை இழுத்த கோடு இருக்கும்.

பிப்ரவரி 20, இரவு 10.15

திருத்தின அத்தியாயம் படிச்சேன். பருப்பு நல்லா வந்திருக்கு. கோட்டைக்கு அடியில் பாதாளச் சிறை, அதுல சங்கிலிச் சத்தம்: எடுங்க. மணல் திட்டுல ரெண்டு மீட்டர் தோண்டினா தண்ணி, பாதாளம் எங்கேயிருந்து வரும்? துணிக் கிடங்குல ஒரு பகுதி போதும். துணி மூட்டை கப்பலேறினதும் இடம் காலி, அங்க ஜனங்க. கணக்குப் புத்தகத்துலேயும் அதே பக்கத்தைப் போடுங்க.

குயவர்கிட்ட கோட்டைக்காரன் வருஷா வருஷம் அடைச்சு வச்ச ஆளுக்கு ஒண்ணா 200 கலயம் வாங்குறதா எழுதியிருக்கீங்க. முதல் வருஷம் 200 போதாது, உடையறதுக்கும் சேர்த்து 260 சொல்லுவான். ஆனா கப்பல்ல கலயம் ஏத்த மாட்டாங்க, அலையில் ஒண்ணும் மிஞ்சாது. கலயமெல்லாம் கிடங்குலேயே தங்கும். அடுத்த வருஷம் உடைஞ்சதுக்கு ஈடா 60 வாங்கினாப் போதும். குயவர் அந்த 60ஐத்தான் எதிர்பார்த்துச் சூளை வைப்பார். ஒரு வருஷம் திடீர்னு 300 கேட்டு ஆள் வந்தா, மேற்கே மழை பொய்ச்சுடுச்சுன்னு அவருக்கு முதல்ல தெரியும். பத்தாம் அத்தியாயத்துல ஒற்றன் குதிரையில் வந்து சொல்ற சேதி அது. ஒற்றனை எடுத்துட்டு, சூளையில் அன்னிக்கு விறகு கூடுதலா அடுக்கிற மாதிரி வைங்க.